ஓவர்சியர் கொடுத்த பாஷை

1899ஆம் வருஷம் மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி சுமாருக்கு, மைசூர் மனை ஒழுங்குக் கச்சேரியில் ஓவர்சியராக இருந்த வைத்யநாதனுடைய தமிழ் அவரை விட்டுக் கிளம்பி, சுண்ணாம்பு சுமக்கும் பாப்பாயியின் மடியில் போய் விழுந்தது. அன்று ராகி ரூபாய்க்குப் பதினெட்டுச் சேர் விற்றது. வெயில் அவ்வளவு கடுமை இல்லை. பார்த்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அவர்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக் கூரையைச் சர்க்கார் ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

காளவாய்த் தெரு என்று அந்த இடத்துக்குப் பெயர். தெரு என்பது மரியாதைக்குச் சொல்வது. எதிரும் புதிருமாக ஒன்பது வீடு, நடுவில் ஒரு புங்கமரம், கோடியில் சுண்ணாம்புக் காளவாய். ஒன்பது வீட்டுக்காரர்களும் ஹனூர்ப் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள். ஹனூர் அந்நாளில் கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் மாட்டை விற்று, விதைத் தானியத்தையும் தின்று முடித்து, நரசீபுரம் வழியாக நடந்தே மைசூர் வந்தார்கள். ஒரு கோடை தங்கிப் போகலாம் என்று வந்தவர்கள் எட்டு வருஷம் தங்கிவிட்டார்கள். ஊரில் எழும்பிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அவர்கள் தலையில்தான் போயிற்று. பாப்பாயியும் அவள் புருஷன் மாரிசாமியும் சொந்தக் கையால் மண் குழைத்துச் சுவர் வைத்து, அதற்குத் தங்கள் காளவாய்ச் சுண்ணாம்பையே பூசியிருந்தார்கள். அந்தத் தெருவிலேயே வெள்ளை வெளேரென்று இருந்த வீடு அது.

கொள்ளைநோய் வந்தபோது காளவாய்த் தெருவில் ஒருவருக்கும் கட்டி கிளம்பவில்லை. சுண்ணாம்புச் சூட்டில் எலி அண்டவில்லை என்று சொன்னார்கள், இருக்கலாம். எலி செத்தது இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டிக்காரனின் தானியக் கிடங்கில். கிடங்குக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வெள்ளையடித்த சுண்ணாம்பைச் சுமந்து போனவர்களின் வீடுகளை இடிக்க உத்தரவு போட்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வயதினால் வருகிற கோபம் என்று யாராவது சொன்னால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இடிக்க வந்தவர் வைத்யநாதன். திருவையாற்றுக்காரர், உத்தியோகத்துக்காக மைசூர் வந்த குடும்பம், முப்பத்து மூன்று வயது. வீட்டில் தமிழ், சிநேகிதர்களிடம் தமிழ், வெற்றிலை போடும்போது தமிழ். ஆனால் கூலிக்காரர்கள் முன்னால் அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்ததாகக் காட்டினால் "சாமி நம்ம பக்கம்" என்று ஆரம்பித்துக் காலைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதற்காகப் பத்து வருஷமாக அப்படி ஒரு பழக்கம் வைத்திருந்தார். அவர்கள் அழுவது, கெஞ்சுவது, முதுகுக்குப் பின்னால் திட்டுவது எல்லாம் அவருக்கு அட்சரம் அட்சரமாகப் புரியும். புரியாத முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். இந்த மாதிரிச் செவிடு உலகத்தில் வேறு இல்லை.

பாப்பாயி அவர் முன்னால் போய் நின்று, வீட்டை இடித்தால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டாள். ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டிருக்கிறது, அங்கே போ என்று கை காட்டினார். அவள் நகரவில்லை. இடித்த இடத்தைத் திரும்பக் கொடுப்பீர்களா என்று கேட்டாள், வீட்டையும் தரையையும் கைகாட்டிக் கேட்டதையே ஏழெட்டு முறை கேட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வைத்யநாதனுக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கியது. "மூறு திங்களல்லி மனெ. பாஷெ கொட்டித்தீனி, ஹோகு," என்றார்.

இங்கே அந்தச் சொல்லைப் பற்றி எழுதியாக வேண்டும். தமிழில் பாஷை என்றால் பேசுகிற மொழி, அதோடு சரி. கன்னடத்தில் அதற்கு இரண்டு அர்த்தம். பேசுகிற மொழியும் பாஷெதான், கொடுத்த வாக்கும் பாஷெதான். பாஷெ கொட்டித்தீனி என்றால் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம், ஹோகு என்றால் போ. பாப்பாயிக்கு மூறு திங்கள் என்றால் மூன்று மாதம் என்பது தெரியும், மனெ என்றால் வீடு என்பதும் தெரியும். மூன்று மாதத்தில் வீடு தருகிறார், அதுவரைக்கும் தன் பாஷையைக் கொடுத்து வைக்கிறார் என்று புரிந்துகொண்டாள். அவள் ஊரில் திரும்பத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறவன் ஒரு மோதிரத்தையோ பித்தளைச் சொம்பையோ ஈடு வைத்துவிட்டுப் போவான். உத்தியோகஸ்தரிடம் சொம்பு ஏது, பாஷையைத் தருகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, முந்தானையை விரித்து ஏந்தினாள். ஏந்தியதில் விழுந்தது. ஒரு படி கொள்ளு கனம் இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனோடு கொட்டகைக்கு நடந்தாள்.

வைத்யநாதன் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி மணையில் உட்கார்ந்தார். அவர் மனைவி கனகலக்ஷ்மிக்கு அப்போது இருபது வயது, திருவையாற்றை விட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. இன்னிக்கு வத்தக்குழம்பு, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டாள். அவர் விழித்தார். காதில் வண்டு புகுந்தது போல் தலையை ஆட்டிக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம் கோபித்தாள், அப்புறம் அழுதாள். வீடு பெருக்கித் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் சித்தம்மாவுக்கு இரண்டு மொழியும் வரும். அன்று முதல் புருஷன் சொல்வதைப் பெண்டாட்டிக்கும் பெண்டாட்டி சொல்வதைப் புருஷனுக்கும் சித்தம்மாதான் சொன்னாள், விளக்குமாற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு. வெளியில் யாருக்கும் தெரியாதபடி வைத்யநாதன் பார்த்துக்கொண்டார். சிநேகிதர்கள் தமிழில் பேசினால் தலையசைப்பார், சிரிக்கிற இடம் பார்த்துச் சிரிப்பார். தெரிந்த மொழியைத் தெரியாதது போல் நடித்துப் பழகியவருக்குத் தெரியாத மொழியைத் தெரிந்தது போல் நடிப்பது பெரிய கஷ்டமாக இல்லை. ஊரிலிருந்து அம்மா இறந்துபோன கடிதம் வந்தபோது அதை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். கடைசியில் துணி துவைக்க எடுத்த கனகலக்ஷ்மி படித்துவிட்டு ஓவென்று கத்தினாள். பெற்ற தாய் செத்த செய்தியைச் சித்தம்மா அவருக்குக் கன்னடத்தில் எடுத்துச் சொன்னாள்.

கொட்டகையில் பாப்பாயி அந்த பாஷையை ஒரு புதுக் கலயத்தில் போட்டு வாழையிலையால் மூடி உறியில் வைத்திருந்தாள். பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான். ஆனால் பாஷை கலயத்தில் நிற்குமா? ஒரு மாதத்தில் அது அவள் வாய்க்கு ஏறிவிட்டது. சும்மா இருக்கும்போது பாப்பாயி தன் சொந்தத் தமிழில்தான் பேசினாள். கோபத்துக்கென்று அவளிடம் இருந்த சொற்கள் கொட்டகையில் முதல் மாதமே செலவாகிவிட்டதால், கோபம் வந்தால் மட்டும் ஓவர்சியருடைய தமிழ் வந்தது. ஒரு நாள் கஞ்சி ஊற்றுகிற சேவகன் கழுநீர் மாதிரி ஊற்றினான். பாப்பாயி வாயைத் திறந்தாள். "என்னடா இது, மனுஷா குடிக்கற கஞ்சியா? அபிஷ்டு! கொண்டுபோய் ஒங்க கச்சேரி வாசல்ல கொட்டு!" என்று வந்தது. சேவகன் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று சலாம் போட்டான். அன்றைக்கு எல்லாருக்கும் கெட்டிக் கஞ்சி கிடைத்தது. பசிக்கிறவர்கள் பசிக்கிறது என்று சொன்னால் நகராத கை, அதிகாரி வீட்டுப் பேச்சைக் கேட்டதும் நகர்ந்தது.

மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதம் போயிற்று. முதல் மழையில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கொள்ளைநோயில் ஒருவரும் சாகாத காளவாய்த் தெருக்காரர்களில், கொட்டகை ஈரத்தில் நாலு பேர் செத்தார்கள். இரண்டாவது மழையில் மாரிசாமிக்கு மார்ச்சளி கட்டியது. காய்ச்சலில் அவனுக்கு நாள் கணக்கு மறந்துபோயிற்று. "மூணு மாசம் ஆயிருச்சா, புள்ளே?" என்று பாப்பாயியைக் கேட்பான். அவள் இல்லை என்பாள். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்பான். பதினோரு நாள் கேட்டான். பன்னிரண்டாம் நாள் கேட்கவில்லை.

அவனைப் புதைத்துவிட்டு வந்த வாரமே பாப்பாயி கச்சேரிக்குப் போனாள். வைத்யநாதன் குதிரைவண்டியிலிருந்து இறங்கும்போது எதிரே போய் நின்றாள். "ஏனுங் சாமி, நீங்க குடுத்த பாஷை எங்கிட்டப் பத்திரமா இருக்குதுங்க. எங்க எடத்தக் குடுத்துப்போட்டு அத வாங்கிட்டுப் போங்க," என்றாள். அவர் அப்போது உண்மையிலேயே ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். பத்து வருஷமாக நடித்த முகம் நிஜமாகவே அவருக்கு வந்துவிட்டிருந்தது. சேவகர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

கொட்டகைக்குத் தண்ணீர் வண்டி ஓட்டிய மல்லப்பன் நல்ல மனிதன். கன்னடக்காரன், தமிழும் ஒரு மாதிரி பேசுவான். பாப்பாயி திரும்பத் திரும்ப அவமானப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் விஷயத்தை அவளுக்கு விளக்கினான். "அக்கா, அது நீ நினைக்கற பாஷை அல்லக்கா. பாஷெ கொட்டரு அந்த்ரெ, வாக்கு. ஆணை." பாப்பாயி குடத்தைக் கீழே வைத்தாள். "வாக்கா? அப்ப அது எங்கெ? காட்டு பாக்கலாம். எங்கிட்ட வந்து சேந்தது அவுரு பேச்சுத்தான். ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தத்த வெச்சுக்கிட்டு எங்கிட்டக் குடுத்தா, எனக்குத் தெரிஞ்ச அர்த்தத்துலதான் நா வாங்குவேன்," என்றாள். மல்லப்பன் யோசித்துப் பார்த்துவிட்டு அது நியாயந்தான் என்று மாட்டை ஓட்டினான். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. படித்த மகான்கள் இதற்குப் பதில் எழுதலாம்.

இதற்குள் காளவாய்த் தெருவில் வீடு எழும்பிவிட்டது. ஒன்பது வீடல்ல, ஒரே வீடு. மேல்மாடி, இரட்டைக் கதவு, முன்பக்கம் பூந்தொட்டி. குடியிருந்தவர்கள் தாமாகவே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், மனைக்கு உரிமை கோருவார் இல்லை என்று கச்சேரிக்கு ஒரு ரிப்போர்ட் போயிருந்தது. எழுதியவர் ஓவர்சியர். அவர்கள் போயிருந்த ஊர் அவர் கச்சேரியிலிருந்து ஒன்றரை மைல். உத்தியோகஸ்தர் தன் பெயரில் மனை வாங்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால் கனகலக்ஷ்மியின் பெயரில் வாங்கியிருந்தார். கிரகப்பிரவேசம் நடந்தது, இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. கனகலக்ஷ்மிக்கு அது யாருடைய இடம் என்று தெரியாது. அவளிடம் சொல்வதற்கு அவள் புருஷனிடம் பாஷையும் இல்லை, மனசும் இல்லை.

1903ஆம் வருஷம் சித்தம்மா ஒரு செய்தி கொண்டுவந்தாள். ஊர்க் கோடித் தகரக் கொட்டகையில் ஒருத்தி இருக்கிறாள், கோபம் வந்தால் நம் ஐயா பேசுவது மாதிரியே பேசுகிறாள். கனகலக்ஷ்மி நாலு வருஷமாகப் புருஷன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் கேட்காதவள். மறு நாளே சித்தம்மாவைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஆசாரம் விடாமல் பத்தடி தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"எங்காத்துக்காரர் பாஷை ஒன்கிட்ட இருக்காமே?" என்றாள்.

"இருக்குதுங்க அம்மா. அவுருதான் குடுத்தாரு," என்றாள் பாப்பாயி. மரியாதையாக, தன் சொந்தத் தமிழில்.

யார், எப்போது, எதற்காக என்று கனகலக்ஷ்மி கேட்டாள். பாப்பாயி சொல்லத் தொடங்கினாள். கூரை பிரித்ததைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், மாரிசாமி கேட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது, ஏற ஏறப் பேச்சு மாறியது. கனகலக்ஷ்மி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். குரல் வேறு, ஆனால் இழுப்பு, நடுவில் வரும் ஓய், சொல்லை முடிக்காமல் விழுங்குவது எல்லாம் அவர். கொடுத்த பாஷைக்குள் அவர் அதுவரை அதில் பேசிய பேச்சும் இருந்திருக்கிறது. அது எல்லாம் வெளியே வந்தது. "கனகு" என்று ஒரு முறை வந்தது. அப்படி அவளைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் மீதியும் வந்துவிட்டது. "இதுகளுக்கெல்லாம் என்னத்துக்கு ஓய் மனை? கொட்டகைல போட்டா நாலு மாசத்துல தானா ஊரைப் பார்க்கப் போயிடும். கனகு பேர்ல எழுதிண்டா யார் கேக்கப் போறா?"

வெற்றிலை போடும்போது ஒரு சிநேகிதரிடம் சொன்னது அது. பாஷை கைமாறிய பிறகு அவரால் தமிழில் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஆகவே வாக்குக் கொடுப்பதற்கு முன்பே சொன்னது. வாக்குத் தவறியவர்களை நான் பார்த்திருக்கிறேன், கையாலாகாமல் தவறியிருக்கிறார்கள். இவர் தவறுவதென்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் வந்து வாக்குக் கொடுத்தார்.

கனகலக்ஷ்மி வீட்டுக்குத் திரும்பினாள். கூடத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். ஒன்பது அடுப்பு எரிந்த இடம். சித்தம்மா சாப்பிடச் சொன்னதற்கு, இந்தத் தரையில் இலை போடமாட்டேன் என்றாள். இடத்தைத் திருடியதைவிட, திருடுவதற்குத் தன் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் அவளுக்கு எரிந்தது. அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் கொட்டகைக்குப் போனாள். ஒரு மாதத்தில் பத்தடி ஐந்தடியாயிற்று, பிறகு அளப்பதை விட்டுவிட்டாள்.

அவள் போகிற இடம் வைத்யநாதனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டை மனைவி பெயரிலிருந்து எடுத்துத் தன் அண்ணன் பெயருக்கு மாற்றிவிட முடிவு செய்தார். கன்னடத்தில் தானபத்திரம் தயாராகி வந்தது. கையெழுத்துப் போடு என்று சித்தம்மா மூலம் சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன், அதே விஷயத்தைத் தமிழில் என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று அவளும் சித்தம்மா மூலம் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல வைத்யநாதனுக்கு ஒரு காரணம்தான் இருந்தது, அதை வெளியில் சொல்ல முடியாது. வெள்ளைத்தாள் நாலு வாங்கிக் கொடுத்தார்.

சப்-ரிஜிஸ்திரார் திருநாராயண ஐயங்கார், மேல்கோட்டைக்காரர். வீட்டில் பழைய தமிழ் பேசுகிற குடும்பம். தமிழில் ஒரு பத்திரம் வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணீரென்று எல்லார் முன்னாலும் வாசித்தார். திருவையாறு வைத்யநாதன் பாரியாள் கனகலக்ஷ்மி என் முழு மனதோடு எழுதிக்கொடுத்த தானபத்திரம் என்னவென்றால், என் பெயரில் உள்ள காளவாய்த் தெரு மனையும் அதன்மேல் கட்டிய வீடும், மேற்படி இடத்தில் முன் குடியிருந்த பாப்பாயி முதலான ஒன்பது குடும்பத்தாருக்கே பாத்தியம், இதற்கு என் புருஷரும் சம்மதம். வைத்யநாதன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தமிழ் தெரிந்தவர் தலையசைக்கிற மாதிரி தலையசைத்துக்கொண்டிருந்தார். பாப்பாயி என்ற பெயர் அவர் காதில் விழுந்தது. ஐந்து வருஷத்தில் அவள் எதிரே வந்து நின்றது எத்தனையோ முறை. பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை, ஆகவே அது அவருக்கு ஒரு பெயராகவே தெரியவில்லை. அண்ணன் பெயர் வராததும் தலையசைக்கிற கவனத்தில் அவருக்குத் தட்டுப்படவில்லை. "ஒரு தரம் பார்த்துடுங்கோ," என்று ஐயங்கார் பத்திரத்தை நீட்டினார். வாங்கி, படிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அதை வைத்திருந்து, நடுவில் ஒரு முறை பக்கத்தைத் திருப்பினார். "சம்மதந்தானே?" என்றார் ஐயங்கார். அது இரண்டு மொழிக்கும் பொதுச் சொல். வாசித்ததில் தானபத்திரம் என்ற சொல்லை விட்டால் அவருக்குப் புரிந்ததே அது ஒன்றுதான். "சம்மத," என்று கையெழுத்துப் போட்டார். கனகலக்ஷ்மி மையொற்றும் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் பானை சட்டியோடு ஒன்பது குடும்பமும் வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. கன்னடத்தில் கத்தினார். கையை ஓங்கினார், நடுவில் சித்தம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றதால் இறக்கினார். வழக்குப் போடலாமென்றால், படிக்காமல் போட்ட கையெழுத்து என்று சொல்ல வேண்டும். ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். மனை எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சிவமொக்காவுக்குப் போய்விட்டார். கனகலக்ஷ்மி கூடப் போகவில்லை. அம்மா போட்ட நகையை நம்பி அக்கிரகாரத்தில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். காளவாய்த் தெருக்காரர்கள் மாடி வீட்டைப் பிரித்து, அந்த மரத்திலும் ஓட்டிலும் ஒன்பது வீடு கட்டினார்கள். மிஞ்சிய பூந்தொட்டிகளில் சுண்ணாம்பு நீற்றினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கனகலக்ஷ்மி வருவாள், பாப்பாயிக்கு எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே ஓவர்சியர் பேச்சை எடுத்து அவளுக்குக் கோபமூட்டி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவாள். பதினான்கு வருஷம் அப்படி வந்தாள். 1918இல் விஷக்காய்ச்சலில் போனாள். மறு வெள்ளிக்கிழமை பாப்பாயி வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

அடுத்த வருஷம் வைத்யநாதன் வந்தார். பென்ஷன் வாங்கி, தலை முழுக்க நரைத்து, தன் தமிழ் இருக்கும் இடம் ஊரார் பேச்சில் தெரிந்து, கைத்தடியோடு வந்தார். காளவாய்த் தெருவில் அவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மல்லப்பனும் கிழவனாகி அங்கேயே இருந்ததால் அவன்தான் இரு பக்கமும் எடுத்துச் சொன்னான். இடம் உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டதே, இனிமேல் என்னுடையதைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை என்று வைத்யநாதன் கேட்டார். பாப்பாயி உள்ளே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். அவ்வளவு கோபத்திலும் அன்றைக்கு அவள் பேசியது தன் சொந்தத் தமிழில்தான் என்று அங்கே இருந்த எல்லாரும் சொல்கிறார்கள்.

"எடம் குடுத்தது அந்தம்மா. நீங்க குடுத்தது பாஷை. அதுக்கு நீங்க இன்னும் ஒண்ணும் பண்ணலீங்க. எம் புருஷன் பதினோரு நாளு கேட்டுப்போட்டுச் செத்தான், மூணு மாசம் ஆயிருச்சான்னு. அவனுக்கு ஒரு பதில் சொல்லுங்க. சொல்லிப்போட்டு வாங்கிட்டுப் போங்க."

மல்லப்பன் ஒரு சொல் விடாமல் கன்னடத்தில் சொன்னான். வைத்யநாதன் நெற்றியைச் சுருக்கினார். ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் போல் புங்கமரத்தைப் பார்த்தார். "யாரு அவனு?" என்றார்.

யார் அவன் என்று கேட்டார். இதை மல்லப்பன் தமிழில் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. இருபது வருஷத்தில் அந்த அளவு கன்னடம் எல்லாருக்கும் வந்திருந்தது. பாப்பாயி கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு நடந்தார். அதன் பிறகு வரவில்லை. எங்கே, எப்போது செத்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

1931இல் ஜனக்கணக்கு எடுக்க ஓர் இளைஞர் காளவாய்த் தெருவுக்கு வந்தார். பாப்பாயிக்கு அறுபத்திரண்டு வயது, கண் நன்றாகத் தெரிந்தது. பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதிக்கொண்டு, "நிம்ம பாஷெ யாவுது?" என்று மொழியைக் கேட்டார்.

"எங்கிட்ட ரெண்டு இருக்குதுங்க. ஒண்ணு எம்பட பாஷை. இன்னொண்ணு ஓவர்சியர் குடுத்த பாஷை," என்றாள் பாப்பாயி.

இளைஞருக்கு அது ஓவர்சியர் கொடுத்த வாக்கு என்று விழுந்தது. வாக்கையெல்லாம் இந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை அம்மா, அதற்கு வேறு கச்சேரி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாப்பாயிக்குக் கோபம் வந்தது. "என்ன ஓய் சிரிப்பு? எழுத இடமில்லையா? முப்பத்திரண்டு வருஷமா நான் வச்சுண்டிருக்கேன், ஒமக்கு ஒரு கட்டத்துல வச்சுக்க முடியலையா?" என்று வந்தது, திருவையாற்றுத் தமிழ், இழுப்பு மாறாமல். இளைஞர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து, பேனாவை மையில் தோய்த்து எழுதினார். அந்த வருஷக் கணக்கில் பாப்பாயிக்கு நேரே தமிழ், தமிழ் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறது. மேலே சரிபார்த்தவர்கள் யாரும் அதை அடிக்கவில்லை.